பயிற்சித் துறையா, கிளைப் பொறுப்பா, கல்லூரியா? காப்பீட்டுத் துறைப் பெண்களுக்கு ஓர் ஒப்பீடு

காப்பீட்டு நிறுவனத்தில் எட்டு, பத்து ஆண்டு வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் ஏதோ ஒரு கட்டத்தில் மேலதிகாரி இப்படிச் சொல்வார்: “பயிற்சித் துறையில் ஓர் இடம் காலியாகிறது. உங்களுக்குப் பொறுமை அதிகம், நன்றாக விளக்கிச் சொல்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள்.” பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்பவருக்கும் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும். மாதக் கடைசி இலக்குத் தொல்லை இருக்காது, வாடிக்கையாளரின் கூச்சல் இருக்காது. இருந்தும் சரி என்று சொல்ல வாய் வருவதில்லை. இது பதவி உயர்வா, பக்குவமாக ஓரங்கட்டுவதா?

வாசகியர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கூடவே வேறு சிலவும் வரும்: கிளை மேலாளர் பதவியை ஏற்கலாமா, முனைவர் பட்டம் முடித்துக் கல்லூரிக்குப் போகலாமா, வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பயிற்சி வகுப்பு நடத்தலாமா.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பித்தலுக்கும் தலைமைக்கும் பகை எதுவும் கிடையாது. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. ஏதாவது ஒரு பிரிவில் முடிவெடுத்துக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொஞ்ச காலமாவது வைத்திருந்துவிட்டு வகுப்பறைக்குப் போகிறவர் பிறகு எந்தப் பக்கமும் திரும்பலாம். அந்த அதிகாரம் கைக்கு வருமுன்பே போகிறவர் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார். தங்குவதில் தவறில்லை, தெரிந்து தங்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அதிகாரம். பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள். உங்கள் ஒப்புதல் இல்லாமல் எது நகராது என்று பாருங்கள். ஓர் அபாயத்தை ஏற்பதா, என்ன பிரீமியத்துக்கு ஏற்பது என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டருக்கு, இவ்வளவு தொகை வரை யாரையும் கேட்க வேண்டாம் என்றொரு வரம்பு உண்டு. இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்க்கும் கிளெய்ம் அதிகாரிக்கும் அப்படியே. கிளை மேலாளர் கையில் ஆட்களும் செலவுக் கணக்கும் இருக்கும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத பதவி, எவ்வளவு நீளமான பெயர் வைத்திருந்தாலும், யோசனை சொல்லும் பதவிதான்.

அடுத்தது, தொழிலறிவு எத்தனை நாள் தாங்கும் என்பது. காப்பீட்டில் அறிவு சீக்கிரம் பழசாகும். காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 17, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லாபம் எந்த ஆண்டில், எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்பதையே அது மாற்றியது. அதை ஏற்ற நாடுகளில், அதற்கு முந்தைய ஆண்டு நிதிப் பிரிவிலிருந்து வகுப்பறைக்கு வந்தவரின் பாடக்குறிப்பில் பெரும்பகுதி அன்றோடு காலாவதியானது.

மூன்றாவது, வருமானத்தின் வடிவம். மாதச் சம்பளமா, இலக்கை ஒட்டிய ஊக்கத்தொகையா, வகுப்புக்கு இவ்வளவு என்ற கட்டணமா? ஓய்வுக்கால நிதி, மருத்துவக் காப்பீடு, பேறுகால விடுப்பு ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றன? மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நான்காவது நேரம். குறைவான நேரம் வேறு, நம் கையிலிருக்கும் நேரம் வேறு. வகுப்பு ஒன்பதரைக்கு என்றால் பயிற்சியாளர் ஒன்பதரைக்கு அங்கே நிற்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதினொன்றுக்கு வர முடியாது. கிளெய்ம் மேலாளருக்கு வேலை கூடுதல், ஆனால் அன்றைய கோப்புகளை எப்போது, எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதில் சற்று இடம் உண்டு. பயிற்சித் துறை “பெண்களுக்கு வசதியானது” என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

கடைசியாக, திரும்பி வரும் வழி. கேட்க மறந்துபோகும் கேள்வியும் இதுதான். அமெரிக்காவின் புரோகிரசிவ் காப்பீட்டு நிறுவனத்தில் 1988இல் கிளெய்ம் பிரிவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவர் டிரிஷியா கிரிஃபித். 2002இல் மனிதவளத் துறையின் தலைமைக்கு வந்தார். ஒரு வழிப் பாதை என்று பலரும் கருதும் துறை அது. 2008இல் அவர் மீண்டும் கிளெய்ம் பிரிவுக்கே தலைவராகத் திரும்பினார். 2016இல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். ஆளை வளர்க்கும் துறைக்குப் போனது அவருக்குத் தடையாகவில்லை. போகுமுன் கிளெய்ம் தெரிந்திருந்தது, திரும்பிவரக் கதவும் இருந்தது.

மனநிறைவை ஆறாவது அளவுகோலாகச் சேர்க்கவில்லை. மேலே சொன்ன ஐந்தில் எதை இழந்தால் உங்களுக்கு அதிகம் எரிச்சல் வரும் என்று யோசித்தால் அதற்கு விடை கிடைத்துவிடும்.

## நிறுவனத்தின் பயிற்சித் துறை

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். நிறுவனத்தில் சேரும் ஒவ்வொருவரும் உங்கள் வகுப்பைத் தாண்டித்தான் போகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் எந்தக் கிளைக்குத் தொலைபேசி போட்டாலும் “உங்களிடம் படித்தவன்தான்” என்று ஒரு குரல் எடுக்கும். எந்தப் பிரிவில் எது ஓட்டை, எந்தப் பாலிசியை முகவர்களே புரிந்துகொள்ளவில்லை, எந்த மேலாளரிடமிருந்து ஆட்கள் ஓடுகிறார்கள் என்பதெல்லாம் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன் பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும். இந்தத் தகவலை வைத்துக் காரியம் சாதிக்கத் தெரிந்தவருக்கு இது சாதாரண இடமில்லை.

ஆனால் வகுப்பின் கனம் வகுப்புக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. தீக்காப்பீட்டின் சராசரி விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கிலிருக்கும் சரக்கின் மதிப்பு 100. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க உரிமையாளர் 60க்குத்தான் பாலிசி எடுத்திருக்கிறார். தீயில் 40 அளவுக்கு நஷ்டம். நாற்பது அறுபதுக்குள் அடங்கிவிடுகிறதே, முழுதும் கிடைக்கும் என்று அவர் நம்புகிறார். கிடைப்பது 24. சரக்கில் அறுபது சதவீதத்துக்குத்தான் பாலிசி, ஆகவே நஷ்டத்திலும் அறுபது சதவீதம்தான். இதைப் பலகையில் போட்டுக் காட்ட யாராலும் முடியும். கருகிய கிடங்கின் வாசலில் நின்று அந்த 24ஐ உரிமையாளரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒருவர் பாடம் எடுத்தால் கணக்கிலிருந்து தொடங்க மாட்டார். பாலிசியைப் புதுப்பித்த நாளில் சரக்கு மதிப்பைக் கேட்காமல், போன ஆண்டுத் தொகையையே எழுதிக்கொண்டு வந்த முகவரிடமிருந்து தொடங்குவார். பின்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பவரும் அப்போது நிமிர்ந்து உட்காருவார்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம். நிறுவனத்துக்குக் கஷ்டகாலம் வந்தால் முதலில் வெட்டுப்படுவது பயிற்சிக்கான ஒதுக்கீடு. நிதியாண்டின் கடைசி மாதங்களில் வகுப்புகள் ஒவ்வொன்றாக ரத்தாகும். விற்பனைப் பிரிவு ஆட்களை அனுப்பாது, அனுப்பச் சொல்லும் அதிகாரமும் உங்களிடம் இருக்காது. உங்கள் உழைப்பு “இத்தனை பேர், இத்தனை மணி நேரம்” என்ற ஒரு வரியாக ஆண்டறிக்கையில் முடியும். இயக்குநர் குழுவில் அந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை.

இதற்கு மாற்று உண்டு. உங்கள் வகுப்பில் படித்த முகவர்கள் விற்ற பாலிசிகளில் எத்தனை 13ஆவது மாதத்தில் தொடர்கின்றன, படிக்காதவர்கள் விற்றவற்றில் எத்தனை என்று கேட்டு வாங்கி அருகருகே வையுங்கள். ஆயுள் காப்பீட்டில் பாலிசித் தொடர்ச்சி விகிதம் நேரடியாகப் பணத்தோடு தொடர்புடையது. அதைப் பேசும் பயிற்சியாளரை நிதித் தலைவர் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு, அது பெண்களின் கணக்கில் மட்டும் தவறாமல் ஏறும். ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்குவது, புதியவர்களை வரவேற்பது, மகளிர் தினக் கூட்டத்துக்குப் பேச்சாளர் தேடுவது எல்லாம் “நீங்கள் பயிற்சித் துறைதானே” என்று உங்கள் மேசைக்கு வந்து சேரும். லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளைப் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள், பெண்களே அதிகம் முன்வருகிறார்கள், கேட்டால் ஒப்புக்கொள்வதும் பெண்களே அதிகம். முதல் ஆண்டிலேயே இரண்டு முறை மறுத்துப் பாருங்கள். மூன்றாவது முறை வேறு ஆளைத் தேடுவார்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது? பயிற்சித் தலைவர் நேரடியாகத் தலைமைச் செயல் அதிகாரிக்குக் கீழே வரும் நிறுவனங்களில் தாராளமாகப் போகலாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கும் நல்லது. மாறிப்போன விதிகளையும் பாலிசிகளையும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட வேகமாகக் கற்றுக்கொள்ள வழி கிடையாது. அவர்களுக்கு நான் இரண்டு, மூன்று ஆண்டு என்று கெடு வைக்கச் சொல்வேன்.

## நேரடிப் பொறுப்பு: கிளை, கிளெய்ம், அண்டர்ரைட்டிங்

பொதுக் காப்பீட்டில் கூட்டு விகிதம் என்று ஓர் எண் உண்டு. கொடுத்த, கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும் ஆன செலவையும் கூட்டினால் அது பிரீமியத்தில் எத்தனை சதவீதம் என்பது. 100க்குக் கீழே இருந்தால் காப்பீட்டுத் தொழிலிலேயே லாபம். மேலே போனால், முதலீட்டு வருமானம் வந்து காப்பாற்ற வேண்டும். இந்த எண் உங்கள் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கும் நாளில்தான் நீங்கள் நிறுவனத்தின் கண்ணுக்குத் தலைமைக்கு உரியவராகத் தெரிகிறீர்கள். நியாயமா என்றால், முழுக்க நியாயமில்லை. நடப்பு அதுதான்.

லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை 17ஆம் நூற்றாண்டில் ஒரு காபிக் கடையில் தொடங்கியது. அங்கே பெண்களை அபாயம் ஏற்கும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள 1970 ஆனது. 2014இல் அதன் முதல் பெண் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த இங்கா பீல், 1982இல் அண்டர்ரைட்டிங் பயிற்சி ஊழியராகத் தொழிலைத் தொடங்கியவர். நடுவே ஓராண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடைவெளி விட்டால் எல்லாம் முடிந்தது என்று பயப்படுகிறவர்களுக்காக. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் இந்தியாவின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீயின் தலைமைக்கு 2016இல் வந்த முதல் பெண்ணான ஆலிஸ் வைத்தியன், பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அதிகாரியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். படித்தது ஆங்கில இலக்கியம்.

இந்தப் பக்கம் வந்தால் கற்பித்தல் போய்விடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். போகாது. இளநிலை அதிகாரி ஒருவர் நிராகரிப்புக் கடிதத்தின் வரைவோடு வருகிறார்: “பாலிசி நிபந்தனையின்படி தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று.” நல்ல மேலாளர் அதைத் திருத்தித் தருவதில்லை. “முதலில் அவருக்குத் தொலைபேசி போடுங்கள். இந்தக் கடிதத்தை அவரிடம் வாய்விட்டுப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்” என்பார். பாதிப் படிக்கும்போதே அந்த இளைஞருக்குத் தெரிந்துவிடும், எந்த நிபந்தனை, ஏன் பொருந்துகிறது, மேல்முறையீடு எங்கே என்று ஒன்றுமே அதில் இல்லை என்பது. சில சமயம் நிராகரிப்பே தவறு என்றும் தெரியவரும். அரை மணி நேரம், ஒரே ஒரு மாணவர். நூறு படக்காட்சிகள் சொல்லித்தராததை அது சொல்லித்தரும்.

இங்குள்ள மறைமுகச் செலவுகளில் இடமாற்றம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது இரண்டு. முதலாவது, இலக்கு நெருக்கும்போது வாடிக்கையாளருக்குப் பொருந்தாத பாலிசி விற்கப்படுவதைக் கண்டும் காணாமல் இருக்கச் சொல்லும் அழுத்தம். விற்றவர் முகவர், ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இரண்டாவது, பெண்களுக்கென்றே ஒதுக்கிவைத்தது போலத் தேடிவரும் சரிந்த கிளைகள். 2005இல் மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரு உளவியலாளர்கள், நிறுவனம் தள்ளாடும் நேரத்தில் பெண்களுக்குத் தலைமைப் பதவி கூடுதலாகத் தேடிவருகிறது என்பதை ஆராய்ந்து எழுதினார்கள். மூன்று ஆண்டாக நஷ்டத்திலிருக்கும் கிளையை “உங்களால்தான் முடியும்” என்று கொடுத்தால், புகழ்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். நிலுவையிலிருக்கும் பழைய கிளெய்ம்கள் யார் கணக்கில் சேரும்? எத்தனை மாதம் அவகாசம்? எழுத்தில் தருவார்களா? பழைய கிளெய்ம்கள் மெதுவாகத்தான் வெளியே வரும்; முன்னவர் ஏற்ற அபாயத்துக்கு நீங்கள் கெட்ட பெயர் வாங்கக் கூடாது.

பேறுகால விடுப்பும் இங்கே ஒரு சிக்கல். இலக்கு ஆண்டுக்கு, விடுப்பு பல மாதம். விடுப்புக் காலத்துக்கு ஏற்ப இலக்கைக் குறைக்கும் விதி இருக்கிறதா என்று சேரும்போதே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வாக்குவாதத்தில் சோர்ந்துபோகாதவர், எண்ணைப் பார்த்தால் பயப்படாதவர், இன்னும் பத்து, பதினைந்து ஆண்டு பணிக்காலம் கையில் இருப்பவர் இந்த வழியை முதலில் எடுக்கலாம். பிறகு வகுப்பறைக்குப் போனால் கேட்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

## கல்லூரியும் தொழில்முறைக் கல்வி நிறுவனமும்

காப்பீட்டைக் கல்லூரிப் பாடமாக்கிய முன்னோடிகளில் ஒருவர் சாலமன் ஹியூப்னர். பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளியில் 1904இல் காப்பீட்டுப் பாடம் நடத்தத் தொடங்கினார். லண்டனின் சார்ட்டர்டு இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் 1912இல் அரச சாசனம் பெற்றது. இந்தியாவின் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் 1955இல் வந்தது. பல்கலைக்கழகம் ஒரு பாதை, தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் தொழில்முறை நிறுவனம் இன்னொரு பாதை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உண்டு, வயது ஏற ஏற மதிப்புக் கூடும், யாரும் இலக்குக் கேட்க மாட்டார்கள். விலை: முனைவர் பட்டத்துக்கான ஆண்டுகள், அந்தக் காலத்தில் குறைந்துபோகும் வருமானம், கட்டுரை வெளியிடும் ஓயாத நெருக்கடி. காப்பீட்டுக்கென்று தனித் துறை உள்ள இடங்கள் குறைவு. பெரும்பாலும் அது வணிகவியலிலோ மேலாண்மையிலோ ஒரு தாள். ஆகவே வங்கியியலையும் சந்தைப்படுத்தலையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். நிரந்தரப் பணி என்று நினைத்துப் போய், வகுப்புக்கு இவ்வளவு என்ற கௌரவ விரிவுரையாளராகவே பல ஆண்டு கழிக்கிறவர்களும் உண்டு.

தொழில்முறை நிறுவனத்தின் பலம் வேறு. பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர், ஒரு தலைமுறை அண்டர்ரைட்டர்கள் எதைப் படிப்பார்கள் என்பதை முடிவு செய்கிறார். சத்தமில்லாத அதிகாரம், ஆனால் அதிகாரம்தான். குழுக்கள் நத்தை வேகத்தில் நகரும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அபாயத்தையும் பிரீமியத்தையும் கணிதத்தால் கணக்கிடும் ஆக்சுவரி துறையில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தேர்வுதான் ஏணி. லண்டன் ஆக்சுவரிகள் கழகம் 1848இல் தொடங்கியது. அதன் முழுத் தகுதி பெற்ற உறுப்பினராக, அதாவது முதல் பெண் ஃபெல்லோவாக, டோரத்தி டேவிஸ் வந்தது 1923இல். அவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் கணிதம் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று அந்தத் தகுதியை முடித்தவரைக் கூட்டத்தில் யாரும் எளிதில் மடக்க முடியாது. சொல்வதைக் கேட்கவைக்கப் பெண்கள் கூடுதலாகப் போராட வேண்டிய அறைகளில் பெயருக்குப் பின்னால் வரும் அந்த எழுத்துகள் நன்றாக உதவுகின்றன.

## தனிப் பயிற்சியாளர்

நாள் கட்டணத்தைக் கேட்டால் ஆசை வரும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 240 வேலை நாள். ஒரு நாள் வகுப்புக்கு ஒரு நாள் தயாரிப்பு, இன்னொரு நாள் ஆள் பிடிப்பது, பயணம், பணம் வசூலிப்பது என்று வைத்தால் கட்டணம் வரும் நாள் 80தான். அந்த எண்பதும் கிடைத்தால். நிறுவனங்கள் பணம் தரத் தாமதிக்கும். உங்கள் பாடக்குறிப்பை உள்ளே இருக்கும் ஒருவர் அடுத்த ஆண்டு தன் பெயரில் நடத்துவார். நோய்வாய்ப்பட்டால் வருமானம் நிற்கும். காப்பீடு சொல்லிக்கொடுப்பவர்களே வருமானக் காப்பீடும் தொழிற்பொறுப்புக் காப்பீடும் எடுக்காமல் இருப்பது இந்தத் தொழிலின் பெரிய வேடிக்கை.

ஒரு குறுகிய பிரிவில் பெயர் வாங்கியவருக்கு இது நல்ல வழி. கடல்வழிச் சரக்குக் கிளெய்ம், மருத்துவமனைக் கோரிக்கைகளில் மோசடி கண்டறிதல், தொழிற்பொறுப்புக் காப்பீடு போல ஏதாவது ஒன்று. எல்லாம் சொல்லித்தருவேன் என்பவரை யாரும் அழைப்பதில்லை. வேலையில் இருக்கும்போதே இரண்டு, மூன்று அழைப்பாளர்கள் உறுதியாகாமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.

## வேலையை விடாமல் கற்பிப்பது

எனக்குப் பிடித்த வழி இது, ஆகவே என் சொல்லைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடிப் பொறுப்பில் இருந்துகொண்டே தொழில்முறை நிறுவனத்தின் வார இறுதி வகுப்பு, தேர்வுத்தாள் திருத்தம், பாடநூல் திருத்தக் குழு ஆகியவற்றில் சேர்வது. நேற்றுத் தீர்த்த கிளெய்மை இன்று வகுப்பில் பேசலாம். அறிவு பழசாகாது, வருமானம் குறையாது, நிறுவனத்துக்கு வெளியே உங்கள் பெயர் தெரியவரும். 2020இல் பிரிட்டனின் அவீவா காப்பீட்டு நிறுவனத்தின் தலைமைக்கு வந்த அமாண்டா பிளாங்க், சார்ட்டர்டு இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் தலைவராகவும் இருந்தவர். அந்த இன்ஸ்டிடியூட்டின் சாசனத் தகுதி பெற்றவர்கள் ஆண்டுதோறும் தொடர்கல்வி காட்ட வேண்டும். சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்குத் தேவை ஓயப்போவதில்லை என்பதற்கு அது போதும்.

செலவு, உங்கள் ஓய்வு நாள். வீட்டில் இரண்டாவது வேலைநேரம் காத்திருக்கும் பெண்களுக்கு அது சின்னச் செலவு இல்லை. சிறு குழந்தைகள் இருக்கும் ஆண்டுகளில் தேர்வுத்தாள் திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு யாரும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டியதில்லை. மேலதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வகுப்பில் பேசும் கிளெய்மில் வாடிக்கையாளர் யார் என்று தெரியாதபடி மாற்றியே பேசுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | அதிகாரம் | அறிவின் புதுமை | வருமானம் | நேரம் | திரும்பும் வழி |
|---|---|---|---|---|---|
| பயிற்சித் துறை | குறைவு. யாருக்குக் கீழே வருகிறது என்பதைப் பொறுத்தது | களத்துக்குப் போகாவிட்டால் பழசாகும் | நிலையானது, ஊக்கத்தொகை சிறிது | அளவானது, ஆனால் வளையாது | கெடு வைத்தால் உண்டு |
| நேரடிப் பொறுப்பு | அதிகம் | தினமும் புதிது | ஏற்ற இறக்கம் உண்டு | அதிகம், சற்று வளையும் | எங்கும் போகலாம் |
| கல்லூரி | குழுக்கள் வழியாக மட்டும் | ஆராய்ச்சியில் புதிது, நடைமுறையில் பின்தங்கும் | தாமதமாக நிலைக்கும் | பெரும்பகுதி நம் கையில் | கடினம் |
| தனிப் பயிற்சியாளர் | வகுப்புக்குள் மட்டும் | தானே தேடிக்கொள்ள வேண்டும் | நிலையற்றது | நம் கையில், ஆனால் முடிவே இல்லை | ஓரிரு ஆண்டு வரை எளிது |
| வேலையோடு கற்பித்தல் | இருக்கும் பதவியின் அளவு | மிக நன்று | குறையாது | ஓய்வு நாள் போகும் | கதவு மூடுவதே இல்லை |

அட்டவணை எல்லாவற்றையும் சமமாகக் காட்டுகிறது. வாழ்க்கை அப்படிக் காட்டாது. முப்பதுகளின் தொடக்கத்தில், இன்னும் தனி அதிகார வரம்பு கிடைக்காத நிலையில் பயிற்சித் துறைக்கு அழைப்பு வந்தால், “இரண்டு ஆண்டு கழித்துக் கேளுங்கள்” என்று சொல்லவே நான் யோசனை சொல்வேன். வீட்டில் நோயாளியைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இடமாற்றம் முடியவே முடியாது என்ற நிலையில் இந்த யோசனைக்கு மதிப்பில்லை. அப்போது பயிற்சித் துறையை ஏற்று, கூடவே தொழில்முறைத் தேர்வுகளை முடிப்பது புத்திசாலித்தனம். ஐம்பதைத் தொட்டவர், பெரிய பிரிவை நடத்தி முடித்தவர், இனி மேலே போக ஆசையில்லாதவர் யாரையும் கேட்காமல் கற்பிக்கப் போகலாம். அவரைத்தான் எல்லாப் பயிற்சி நிறுவனங்களும் தேடுகின்றன. ஆராய்ச்சியில் உண்மையான பசி உள்ளவர் எந்த வயதிலும் கல்லூரிக்குப் போகலாம், கணக்குப் பார்க்காமல். பசி இல்லாமல் வெறும் அமைதிக்காகப் போகிறவர் மூன்றாம் ஆண்டில் சலித்துப்போவார்.

## ஒப்புக்கொள்வதற்கு முன்

பதவி எதுவானாலும் வாய்மொழி வாக்குறுதியை மின்னஞ்சலில் நீங்களே எழுதி அனுப்பி உறுதி கேளுங்கள்: யாருக்குக் கீழே வேலை, எத்தனை ஆண்டு, ஊதிய நிலை மாறுமா, முடிந்ததும் எந்தப் பிரிவுக்குத் திரும்புவது, எந்த எண்ணை வைத்து மதிப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

கூடவே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்த மூவர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூவரும் அதே துறையில், அதே நிலையில் இருந்தால், உங்களுக்கு எதைத் தரப் பார்க்கிறார்கள் என்பது விளங்கிவிடும். ஒருவர் கிளெய்ம் தலைவராகவும் இன்னொருவர் மண்டல மேலாளராகவும் போயிருந்தால் அது வேறு விதமான இடம். மூவரில் ஒருவரையாவது பிடித்துப் பேசிவிடுங்கள். அலுவலக எண்ணில் அழைக்காமல், அவருடைய சொந்த எண்ணில், வேலை நேரம் முடிந்த பிறகு.